ஏழு அம்புக்குறிகள் போய் நின்ற இடம்

பேராதனை
12.07.1998

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்கும் வரிகளை இந்த முறை பாய்ந்து கடந்துவிட்டேன். மதினி கோபிக்க வேண்டாம். சொல்ல வந்தது நெஞ்சுக்குள் நிற்க மாட்டேன் என்கிறது.

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த விரிவுரையாளர் ஒருவர் எங்கள் விவசாய பீடத்துக் கொம்பியூட்டர் அறையில் ஒரு புது மென்பொருளைப் போட்டிருக்கிறார். எண்ணக்கருப் படம் வரைகிற மென்பொருள். திறந்தால் வெள்ளைத் திரை, நடுவில் முட்டை வடிவில் ஒரு பெட்டி. நாம் அறிய வேண்டிய கேள்வியை அதற்குள் எழுத வேண்டும். பிறகு நமக்குத் தெரிந்ததையெல்லாம் தனித்தனிப் பெட்டியாக வைத்து ஒன்றோடொன்று கோட்டால் இணைக்க வேண்டும். பெட்டியை எந்தப் பக்கம் இழுத்தாலும் பசுவின் பின்னால் கன்று வருவதுபோல் கோடும் கூடவே வருகிறது.

நான் நைதரசன் பாடத்தைப் போட்டுப் பார்த்தேன். நாற்பது பக்கக் குறிப்பைப் பாடமாக்கியும் மண்டையில் ஏறாத பாடம். ஒன்றரை மணித்தியாலத்தில் அது முழுதும் ஒரே திரையில் என் முன்னால் இருந்தது. மழை, மண், பயறு, வைக்கோல், மாட்டெரு எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. "சுப்ஹானல்லாஹ்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த சிவரூபினி "என்ன புள்ள, பாம்பா?" என்று இரண்டு காலையும் கதிரைக்கு மேல் தூக்கிவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைவு. போன மாரியில் கீழ்க்கண்டத்து வயல்கள் எல்லாம் தண்ணீருக்குள் அழுகிய பிறகு உங்கள் கூட்டாளி சின்னப்போடி அண்ணன் உங்களோடு கதைப்பதே இல்லையென்று மதினி எழுதியிருந்தார். இந்த முறையும் வெள்ளம் நின்றால் காணியை விற்றுவிட்டுத் திருக்கோவிலில் மகள் வீட்டோடு போய்விடுவாராமே. மேல்கண்டம், கீழ்க்கண்டம் இரண்டுக்கும் தண்ணீர் முறை பார்க்கிற வட்டவிதானை நீங்கள். "கீழ்க்கண்டத்தில் தண்ணீர் ஏன் வடிவதில்லை?" என்று அந்த நடுப் பெட்டியில் எழுதிப் பார்ப்போமா?

உங்கள் தங்கச்சி
ஸகியா


நற்பிட்டிமுனை
25.07.1998

தங்கச்சி ஸகியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை மதினி இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். இரண்டு தரமும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று உன் விரிவுரையாளரிடம் சொல். படம் வரைந்து வெள்ளம் வடியுமென்றால் நான் எப்போதோ மண்வெட்டியை விற்றுப் பென்சில் வாங்கியிருப்பேன்.

தண்ணீர் ஏன் வடிவதில்லையென்று எனக்குத் தெரியாதா? மழை கூடிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இந்த வயல்வெளிக்கு நான் என்ன குறை வைத்தேன்? நீ பேராதனைக்குப் போன பிறகு, வடிச்சல் வாய்க்காலுக்குக் குறுக்கே குழாய் வைத்து மண் நிரப்பி றோட்டுப் போட்டேன். இப்போது நெல் சூடடிக்கிற மெஷின் வயல் வாசலுக்கே வருகிறது. சனம் அதை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது. நீ வந்தால் பார்க்கலாம்.

சின்னப்போடியின் விஷயத்தை மதினி உனக்கு எழுதியிருக்கத் தேவையில்லை. மேல்கண்டத்தார் வரம்பை வெட்டித் தன் தலையில் தண்ணீரை விடுகிறார்களாம், நான் மேல்கண்டத்தான் என்பதால் கண்டும் காணாமல் இருக்கிறேனாம். ஆட்களிடம் சொல்கிறான், என்னிடம் சொல்ல மாட்டானாம். தேநீர்க் கடைக்கு நான் போனால் சுவர்ப் பக்கம் கிறுகிக்கொள்கிறான். சின்ன வயதில் இருந்து ஒரே மாட்டு வண்டியில் ஏறி இறங்கின நாங்கள். அவன் காணியை விற்றுவிட்டுப் போனால் அந்த வெளிக்குள் நான் எந்த முகத்தோடு நடப்பது என்று தெரியவில்லை. இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

சரி, உன் ஆசையைக் கெடுப்பானேன். என்ன வேண்டுமென்று எழுது.

மீராமுகைதீன்


பேராதனை
09.08.1998

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பென்சில் விலை விசாரித்து வைக்கிறேன்.

முதலில் உங்கள் பதிலை ஒரு ஓரமாக வையுங்கள். அந்த வெளிக்குள் கால் வைக்கிற எல்லோரிடமும் கேளுங்கள். வயல்காரர் மட்டுமல்ல, மாடு மேய்க்கிறவர், மீன் பிடிக்கிறவர், எல்லோரும். ஒருவர் ஒரு காரணம் சொன்னதும் விட்டுவிடாமல், "மறுகா அந்தத் தண்ணி எங்க போகும்?" என்று கேளுங்கள். அவர் எங்கே நிறுத்துகிறாரோ அதுவரை அவருடைய சொல்லிலேயே எழுதுங்கள். திருத்த வேண்டாம். உங்களுக்கு மற்றவர் பேச்சைத் திருத்துகிற பழக்கம் இருக்கிறது. கோபிக்காதீர்கள், இருக்கிறது.

பெட்டிக்குள் ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். கோட்டின் மேல் ஒரு வினை வேண்டும். நான் முதல் நாள் இதை அறியாமல், நாற்பது பெட்டிக்குள் நாற்பது வசனத்தை அடைத்து எல்லாவற்றையும் நடுப் பெட்டியில் கொண்டுபோய்க் கட்டினேன். விரிவுரையாளர் பார்த்துவிட்டு, "இது படமில்லை, கடைக்குக் கொண்டுபோகிற சாமான் துண்டு" என்றார். "மழை", "வெள்ளம்" என்று இரண்டு பெட்டி வைத்து வெறும் கோடு இழுத்தால், கோட்டின் மேல் கேள்விக்குறி போட்டுக்கொண்டு அது காத்திருக்கிறது. மழை வெள்ளத்தை என்ன செய்கிறது? தருகிறதா, நிறைக்கிறதா, தடுக்கிறதா? சொல்லாமல் தப்ப முடியாது. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்த எத்தனையோ விஷயம், அந்த ஒரு சொல்லைப் போட முடியாமல் எனக்குத் தெரியாத விஷயமாகிவிட்டது. பயமாகவும் இருக்கிறது, விட்டு எழும்பவும் மனமில்லை.

ஸகியா


நற்பிட்டிமுனை
30.08.1998

ஸகியாவுக்கு,

கால் வலிக்கிறது. மூன்று கிழமையாக வெளிக்குள் கணக்கெடுப்புக்காரன் மாதிரி அலைந்தேன். "வட்டவிதானைக்கு என்ன நடந்த?" என்று சனம் மதினியிடம் கேட்கத் தொடங்கிவிட்டது. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். திருத்தவில்லை; உன் மேல் ஆணை.

கீழ்க்கண்டத்தார்: "மேல்கண்டத்தார் வரம்ப வெட்டுறாங்க. அந்தத் தண்ணி வடிச்சலுக்குள்ள வந்து அங்க நிக்கிம்."

மேல்கண்டத்துப் பளீல்: "அவனுகள் ஆற்றுவாழைக் களையப் புடுங்கிறதில்ல. அதெல்லாம் மிதந்து வந்து அங்கதான் அடையிற."

மீன்காரர் இரண்டு பேர்: "கூடு வெச்சாத் தண்ணி மறிக்கிதெண்டு ஏசுறாங்க. மீன் அங்க வந்து சேருது, நாங்க அங்க வெக்கிறம். வேற எங்க வெக்கிற?"

மாட்டுக்காரர்: "மாடு இறங்கி வாய்க்கால் கரை சரியிது. மண்ணெல்லாம் அங்க போய்ப் படியிது."

பாண்டிருப்புப் பக்கத்தில் ஒருவர்: "கடலுக்கு முகத்துவாரம் வெட்டப் பிந்திப் போன." ஆனால் அவரே சொன்னார், போன மாரியில் முகத்துவாரம் வெட்டி இரண்டே நாளில் கடல் பக்கம் வடிந்துவிட்டதாம், வயல் பக்கம் பதினொரு நாள் நின்றதாம். எங்கே பிரிகிறது என்று கேட்டேன். "அங்கதான்" என்றார்.

இன்னும் ஒருவர் மழை என்றார் (நான் சொன்னதுதான்; கெட்டிக்காரன்). அது வடிச்சலால் ஓடி அங்கே நிரம்புமாம். கிழங்கு நடுகிற பெண்கள், அங்கே நிரம்பிய பிறகு தண்ணீர் பின்னுக்குக் கிறுகி வயலுக்குள் வருமென்றார்கள். பள்ளிவாசலில் கந்தூரிச் சோறு கொடுக்காததுதான் காரணமென்று ஒருவர். கோயிலில் பொங்காததுதான் என்று இன்னொருவர். இந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வயல், ஆளையாள் ஆமோதித்துக்கொண்டார்கள்.

சின்னப்போடியிடமும் போனேன். என்னைக் கண்டதும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

மீராமுகைதீன்


பேராதனை
13.09.1998

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் கொம்பியூட்டர் அறையில் இருந்தேன். மென்பொருளுக்கு ஆங்கிலம்தான் தெரியும். யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் தமிழ் எழுத்துக் கொண்டுவந்து போட்டுத் தந்தார். சில எழுத்துகள் கட்டம் கட்டமாக விழுந்தன. பிரிண்டரில் எடுத்த பிறகு பேனாவால் திருத்தியிருக்கிறேன். ஆறு தாளைப் பசையால் ஒட்டி, பிளொப்பித் தட்டு ஒன்றையும் சேர்த்து, கச்சிமுகம்மது நானாவின் லொறியில் அனுப்புகிறேன். அம்புக்குறியும் வாய்க்காலுமாக இருக்கிற படத்தை இராணுவச் சாவடியில் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று, மேலே "நெற்செய்கை" என்று சிங்களத்திலும் எழுதியிருக்கிறேன்.

காக்கா, ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டை பிடிப்பதாகத்தான் நான் நினைத்தேன். ஒவ்வொரு பெட்டியாக வைத்து வினைச்சொல் எழுதிக்கொண்டு வந்தேன். வரும், அடையும், சேரும், படியும், பிரியும், நிரம்பும், கிறுகும். பிறகு தள்ளி நின்று பார்த்தேன். ஏழு அம்புக்குறி ஒரே பெட்டியைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. ஒருவரும் மற்றவரோடு பேசாமல் ஏழு பேரும் ஒரே இடத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் அவர்கள் சொன்ன சொல்லையே எழுதினேன்: "அங்கே".

அங்கே என்றால் எங்கே, காக்கா? அந்த இடத்தில் என்ன இருக்கிறது?

ஸகியா


நற்பிட்டிமுனை
20.09.1998

ஸகியா,

உன்னைப் பேராதனைக்கு அனுப்பியது படிப்பதற்கு. உடன்பிறந்தவனைப் பெட்டிக்குள் அடைப்பதற்கல்ல. இனிப் படமும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம்.

மீ.


பேராதனை
01.10.1998

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

நான் ஒன்றையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. எனக்கு உண்மையில் தெரியாது. அந்தப் பக்கம் நான் வந்து மூன்று வருடமாகிறது. உங்கள் கோபம்தான் எனக்குப் பதிலைச் சொன்னது. ஜூலையில் நீங்கள் எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். அது உங்கள் றோட்டு, அப்படித்தானே?

மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் காக்கா, மாரிக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது. படம் பிழையென்றால் பிழையென்று எழுதுங்கள், அழித்துவிடுகிறேன். பிழையில்லையென்றால் சின்னப்போடி அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேல் எனக்கு இருக்கிற மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

ஸகியா


நற்பிட்டிமுனை
18.10.1998

அன்புத் தங்கச்சி ஸகியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெட்கத்தோடு எழுதுகிறேன். அதனால் முதலில் ஒரு சின்னக் கதை. சாவடியில் கச்சிமுகம்மதுவை அரை மணித்தியாலம் மறித்து வைத்தார்களாம். படத்தை விரித்துப் பார்த்த ஆமிக்காரப் பொடியன் ஒருவன் பொலன்னறுவைப் பக்கத்து வயல்காரன் மகனாம். "எங்கட வயல்லயும் இப்பிடித்தான் நிக்கிது" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு, விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தானாம்.

இனி என் கதை. உன் பிளொப்பியை எடுத்துக்கொண்டு கல்முனையில் றஸாக் நடத்துகிற கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன். எதற்கு? அந்தப் பெட்டியை அழிக்கத்தான். பெட்டி இல்லாமல் ஒரு படம் எடுத்துக் கூட்டத்தில் தொங்கவிடலாம் என்ற எண்ணம். உன் காக்காவின் புத்தி அது.

றஸாக் படத்தைத் திறந்தான். தாளில் பார்த்ததுதான், ஆனாலும் வெளிச்சத்தில் பார்க்க வேறு மாதிரி இருந்தது. மூன்று கிழமை நான் காலால் நடந்த வெளி முழுவதும் ஒரு கண்ணாடிக்குள் கிடந்தது. மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் மேசைக்கு வெளியே கொண்டுபோய்விட்டேன். பதினைந்து வயதுப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு மாதிரியாக அந்தப் பெட்டியைத் தொட்டு அழித்தேன்.

ஸகியா, பெட்டி மட்டும் போகவில்லை. அதைப் பிடித்திருந்த ஏழு கோடும் ஒரே நொடியில் போய்விட்டன. ஆற்றுவாழை ஒரு மூலையில், மீன்கூடு ஒரு மூலையில், முகத்துவாரம் ஒரு மூலையில். எதுவும் எதையும் தொடவில்லை. போன வருடத்துக் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினோமே, அதை அப்படியே படம் பிடித்ததுபோல் இருந்தது. நான் அந்த இடத்தைச் சொல்லாமல் இருக்கும்வரைக்கும் அவர்களுடைய சண்டை தீராதென்று எனக்கு அப்போது விளங்கியது. "றஸாக், போனதத் திருப்பி எடுக்கேலுமா?" என்று கேட்டேன். "ஓம் காக்கா" என்று ஒரு விசையை அழுத்தினான். ஏழு கோடும் அதனதன் இடத்துக்கு வந்து நின்றன. நான் கண்ணை மூடிக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

பிறகு அந்தப் பெட்டிக்குள், எழுத்தெழுத்தாகத் தேடிக் குத்தி, நானே எழுதினேன்: "மீராமுகைதீன் றோட்டுக் குழாய்". அரை மணித்தியாலம் பிடித்தது.

நேற்றுப் பெரும்போக நெற்செய்கை ஆரம்பக் கூட்டம். பாடசாலை மண்டபத்தில் படத்தைத் தொங்கவிட்டேன். இத்தனை வருடமும் கூட்டத்தில் ஆட்கள் எழும்பி நின்று என்னிடம்தான் முறையிடுவார்கள். வட்டவிதானையிடமே வட்டவிதானையைப் பற்றி எப்படி முறையிடுவது? அதனால்தான் எல்லோரும் றோட்டுக்கு ஒரு அடி இங்கால நின்று "அங்கே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். "குழாய் சின்னன். பிழை என்ட. மழைக்கு முதல் றோட்ட வெட்டுவம்" என்றேன். பளீல் மட்டும் எழும்பி, மெஷின் எப்படி வருவதென்று கேட்டான். வேறு யாரும் எழும்பவில்லை. ஆனால் ஒவ்வொருவராகப் படத்தடிக்கு வந்து, தான் சொன்ன சொல் எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்த்தார்கள். எழுத்துத் தெரியாத மாட்டுக்காரருக்கு நான் விரல் வைத்துக் காட்டினேன். "இது நான் சொன்னதா? இங்கயா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அந்த மனிதர் அங்கேயே நின்றார்.

சின்னப்போடி கடைசி வாங்குப் பலகையில் இருந்தான். படத்தைத் தூரத்தில் இருந்தே பார்த்தான். என்னையும் பார்த்தான். எழும்பிப் போய்விட்டான்.

மீராமுகைதீன்


பேராதனை
02.11.1998

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை சிவரூபினிக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் "உன்ட காக்காவப் பாக்கோணும் போல இருக்கு" என்றாள்.

நான் இந்த மென்பொருளை ஒரு அதிசயமென்று நினைத்தேன். அதற்கு ஒன்றுமே தெரியாது. தண்ணீர் தெரியாது, வயல் தெரியாது. ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதற்குப் பக்கத்தில் வைக்கும், அவ்வளவுதான். எல்லாம் உங்கள் ஆட்களுக்கு முதலே தெரிந்திருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

றோட்டை வெட்டிவிட்டீர்களா? சின்னப்போடி அண்ணன் ஏன் எழும்பிப் போனார்? இங்கே மழை தொடங்கிவிட்டது. உடனே எழுதுங்கள்.

ஸகியா


நற்பிட்டிமுனை
27.12.1998

அன்புத் தங்கச்சி ஸகியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்புடைய பரக்கத் உனக்கும் கிடைக்கட்டும். பதில் பிந்தியதற்குக் காரணம், மழை வந்து பார்க்கும்வரை எழுத ஒன்றும் இருக்கவில்லை. றோட்டைப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு வெட்டிக் குழாயைத் தூக்கினோம். கீழ்க்கண்டத்தாரும் மேல்கண்டத்தாரும் ஒன்றாக நின்று வெட்டினார்கள். சின்னப்போடி மட்டும் வரவில்லை. அவன் காணிக்கு ஆட்கள் விலை பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதை உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கிழமை மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வெட்டின இடத்தைப் பார்க்கப் போனேன். தண்ணீர் மஞ்சளாகச் சுழன்று பாய்ந்துகொண்டிருந்தது. ஆற்றுவாழையை அப்படியே அள்ளிக்கொண்டு போகிறது. இவ்வளவு தண்ணீரையா நான் ஒரு குழாய்க்குள் விட நினைத்தேன்! வாய் பிளந்து நின்றேன். நெல் கழுத்தளவு தண்ணீரில் நின்றதாக உச்சிப்பொழுதில் சொன்னார்கள். நான் பார்க்கும்போது நெல்லின் அடித்தண்டுக்கு இறங்கியிருந்தது.

வெட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான். சின்னப்போடி. அவனும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் பன்னிரண்டு அடிதான், ஆனால் யாரும் இறங்க முடியாது. பிறகு அவன் இரைச்சலுக்கு மேலால் கத்தினான்.

"மச்சான், நோன்பா?"

ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் வாயில் இருந்து எனக்கு வந்த முதல் சொல் அது. தலையை ஆட்டினேன். அவன் கிறுகிப் போய்விட்டான்.

அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு நானும் போயிருக்க வேண்டும். ஏனோ நின்றேன். முக்கால் மணித்தியாலம் கழித்து, வரம்பு வரம்பாக இரண்டு கட்டைத் தூரம் சுற்றிக்கொண்டு, சேறு தொடைவரை ஏறி, கையில் ஒரு இளநீரும் கத்தியுமாக அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "சின்னப்போடி, இந்தக் குழாய்தான் எண்டு உனக்கு எப்ப தெரியும்?"

"நீ குழாய இறக்கின அண்டே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல்ல? உன்ட வயல் அழுகிப் போச்சே!"

அவன் இளநீரைச் சீவிக்கொண்டே சொன்னான். "சொல்லத்தான் வந்தன் மச்சான். நீ ஆக்களுக்கு நடுவுல நிண்டு அப்பிடிச் சிரிச்சிக்கிட்டு நிண்ட. உன்ட கலியாணத்துக்குப் பொறகு நீ அப்பிடிச் சிரிச்சி நான் காணல்ல. சொல்ல மனம் வரல்ல. மறுகா வயல் போனதும் கோவம் வந்திட்டு. வரம்ப வெட்டுறாங்கெண்டு ஆக்களிட்ட ஏசித் திரிஞ்சன், குழாயச் சொல்ல வாய் வரல்ல. தானா உனக்கு விளங்கட்டுமெண்டு பாத்துக்கிட்டு இருந்தன்."

கூட்டத்தில் இருந்து ஏன் எழும்பிப் போனாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது. காணியையும் அவன் விற்கப் போவதில்லையாம்; அதை அவனே சொன்னான், மழை விட்டதும் களை பிடுங்க ஆள் வேண்டும் என்று தொடங்கி.

நோன்பு திறக்கிற பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவனுக்கும் தாகம்தான். ஒரு வாய் குடிக்கவில்லை, இளநீரை என் கையில் தந்துவிட்டுப் பள்ளிவாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றான். நாங்கள் இரண்டு பேரும் பாங்குக்காகக் காத்து நின்றோம்.

உன் காக்கா
மீராமுகைதீன்